கேட்காமல் அனுப்பிய பெட்டி

“என்னை மட்டும் காக்க வெக்காதீங்க சார்” என்று பாய் என்னிடம் சொன்னது திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில். வெளிநாட்டிலிருந்து மகன் வர வேண்டும் என்று மூன்று நாள் ஐஸ் பெட்டியில் கிடந்த ஒரு பெரியவரை அன்று காலையில்தான் நாங்கள் இரண்டு பேரும் சுடுகாட்டில் இறக்கிவிட்டு வந்திருந்தோம். பாய் டீயை ஊதி ஊதிக் குடித்தார். “எனக்கு ஃபாரின்ல யாரும் கெடையாது. காலைல மவுத்தானா லுஹருக்கு அடக்கம். மத்தியானம் போனா அஸருக்கு. அவ்ளோதான். மண்ணுக்குப் போறவன் போய்க்கினே இருக்கணும். பொட்டில படுக்க வெச்சி வேடிக்கை காட்டக் கூடாது.”

மவுத் என்றால் சாவு. லுஹர் என்றால் மதியத் தொழுகை, அஸர் என்றால் பிற்பகல் தொழுகை. அவரோடு சுற்றிச் சுற்றி இந்தச் சொற்களெல்லாம் எனக்குப் பழகியிருந்தன. இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

அன்று நான் சிரித்தேன். “முதல்ல டீயக் குடிங்க பாய், அப்புறம் சாவலாம்” என்றேன். அவரும் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

எங்கள் சங்கத்துக்குப் பெரிய வரலாறு கிடையாது. ஒரு மழைக்காலத்தில் அயனம்பாக்கம் ஏரித் தண்ணீர் எங்கள் தெருக்களுக்குள் வந்து மூன்று நாள் நின்றது. அந்த மூன்று நாளுக்குள் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மா இறந்துபோனார். எந்த வண்டியும் உள்ளே வர முடியவில்லை. அதுவரை ஒருவருக்கொருவர் முகம் மட்டுமே தெரிந்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ஒரு கதவைக் கழற்றி, அதன் மேல் அந்த அம்மாவைப் படுக்க வைத்து, இடுப்பளவு தண்ணீரில் மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு போனோம். ரோட்டில் வேனோடு நின்றிருந்தவர் பாய். பூந்தமல்லியில் வாடகை வேன் ஓட்டுகிறவர். யார் சொல்லி வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தண்ணீர் வடிந்தபின் கலைந்து போக மனமில்லாமல் ஒரு சங்கம் வைத்தோம். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர், பேங்கில் வேலை பார்க்கிறவர், ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அம்மா, பாய், நான். அந்தக் கதவைத் தூக்காமல் இருந்திருந்தால் எங்களில் ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் கால் வைத்திருக்கவே மாட்டோம். இப்போது மாதக் கூட்டம் நர்ஸ் அம்மாவின் மொட்டை மாடியில் நடக்கும். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சாவு விழுந்த வீட்டுக்கு ஐஸ் பெட்டி, வண்டி, நாற்காலி, பந்தல். கட்டணம் கிடையாது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று யார் கூப்பிட்டாலும் போவோம்.

நான் செயலாளர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வந்து விழுகிற சாமானெல்லாம் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் கழித்துப் போடுவேன். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்தது, சங்கத்துக்கும் வந்தது. ஏழையோ பணக்காரரோ, என்ன ஜாதியோ என்ன மதமோ, ஒரே பெட்டி, ஒரே வெள்ளைத் துணி, ஒரே அளவு ரோஜா மாலை, ஒரு நிமிட மௌனம். இதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. புதிதாகச் சேருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

அந்தப் பெருமைக்கு ஒரு நியாயமும் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு நாள், ஊரில் பல தலைமுறையாக நிலம் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் சாவு. பெட்டியோடு போனோம். வாசலில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எங்களோடு வந்திருந்த வாட்ச்மேனைக் கண்ணால் காட்டி, “அவர் மட்டும் உள்ள வர வேணாம். நாங்களே தூக்கிக்கறோம்” என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நான் கத்துவதற்குள் பாய் வண்டியின் பின்கதவைச் சாத்தினார். “அண்ணாத்தே, பொட்டில ஒரு கைப்பிடி அவருது, ஒரு கைப்பிடி என்னுது. ரெண்டு பேரும் சேர்ந்தாதான் எறக்க முடியும். யோசிச்சி சொல்லுங்க, நாங்க இங்கியே கீறோம்” என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. வெயிலில் அரை மணி நேரம் நின்றோம். கடைசியில் இறந்தவரின் மனைவியே தலைவிரிகோலமாக வாசலுக்கு வந்து, “எல்லாரும் உள்ள வாங்கப்பா” என்று கூப்பிட்டார்.

அன்றைக்கே நான் முடிவு செய்தேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி, யாருக்காகவும் எதையும் மாற்றுவதில்லை. அதே வாசலில் நின்ற பாய் வேறொன்றை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று பேசுகிறவர் வேறு, அந்த வீடு வேறு என்பதை. எனக்கு அது அப்போது புரியவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. சாவு வீட்டில் வண்டியை நிறுத்தியதும் பெட்டியை இறக்க மாட்டார். வெளியே உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிற ஆண்களைத் தாண்டி உள்ளே போவார். ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிற மனைவியையோ மகளையோ கண்டுபிடித்து எதிரே குந்துவார். “உங்க ஊட்டு வழக்கம் இன்னாம்மா? சொல்லுங்க, அப்டியே செஞ்சிடலாம்” என்பார். அவர்கள் அழுது, மூக்கைச் சிந்தி, யோசித்துச் சொல்வதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். நான் வெளியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன். ஒரு வீட்டில் தலையைத் தெற்கே வைக்கச் சொல்வார்கள். ஒரு வீட்டில் பறை வேண்டாம், அடுத்த வீட்டில் பறை இல்லாமல் எடுக்கவே கூடாது. ஒரு வீட்டில் ஜெபம் முடியும்வரை முகத்தை மூடக் கூடாது. இன்னொரு வீட்டில் பெண்களும் சுடுகாட்டுக்கு வருவோம் என்பார்கள். வண்டியின் டேஷ்போர்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருந்தார். கற்பூரம், மெழுகுவத்தி, காய்ந்த துளசி, மஞ்சள் துண்டு, ஊதுவத்தி, அத்தர் பாட்டில் எல்லாம் அதில் இருக்கும். “இன்னா பாய், மளிகைக் கடை வெச்சிருக்கீங்களா?” என்று கிண்டல் செய்வேன்.

ஒரு தடவை எஸ்டேட் பட்டறையில் வேலை பார்த்த ஒடிசாக்காரர் ஒருவர் காய்ச்சலில் இறந்துவிட்டார். கூட இருந்தவர்களுக்கு அரைகுறைத் தமிழ். நான் வழக்கம்போல மாலையைப் போட்டு மின்மயானத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்றேன். பாய் கேட்கவில்லை. அறையில் இருந்த ஒருவரை விட்டு ஊரிலிருக்கிற அம்மாவுக்கு வீடியோ கால் போடச் சொன்னார். அந்த அம்மாவால் பேச முடியவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே இருந்தார். பாய் சம்மணமிட்டு உட்கார்ந்து காத்திருந்தார். ஒன்றரை மணி நேரம். கடைசியில் அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான்: வாயில் ஒரு துளசி இலையும் ஒரு சொட்டுத் தண்ணீரும் விட வேண்டும், வீட்டில் கூப்பிடும் பெயரை யாராவது காதில் சொல்ல வேண்டும். பாய் டின்னைத் திறந்து துளசியை எடுத்துக் கொடுத்தார். அறையில் இருந்தவர் இறந்தவரின் காதருகில் குனிந்து அந்தப் பெயரைச் சொன்னார். அம்மா போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்களுக்காக அத்தனை நேரம் உட்கார்ந்த மனுஷன் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று, காக்க வைக்கக் கூடாது என்று.

ஓர் ஐப்பசி மாதக் காலையில் பாயின் தம்பி போன் செய்தார். “சார், அண்ணன் விடியக்காலைல தொழுதுட்டு வந்து படுத்தாரு. எழுந்திருக்கல. மவுத்தாயிட்டாரு சார். லுஹருக்கு அடக்கம்.” நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம்தான். எனக்கு அழத் தெரிந்ததைவிட ஏற்பாடு செய்யத் தெரியும். போனை எடுத்தேன். ஐஸ் பெட்டி, ஐம்பது நாற்காலி, வழக்கமான மாலை போதாது என்று சங்கத்தின் பெயர் எழுதிய பெரிய மலர் வளையம். இரங்கல் பேச ஊரில் செல்வாக்குள்ள ஒரு பிரமுகர். எல்லாருக்கும் தகவல் சொன்னேன்.

நர்ஸ் அம்மா மட்டும், “அவங்க வீட்டுல கேட்டீங்களா?” என்றார்.

“எதுக்குக் கேக்கணும்?” என்று எகிறினேன். “ஊருக்கெல்லாம் செய்யறோம். நம்ம பாய்க்குச் செய்யாம விட்டா என்ன சொல்லுவாங்க? முஸ்லிம்னு ஒதுக்கிட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?” அவர் போனை வைத்துவிட்டார்.

இதை இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. அவரை ஒருபோதும் வேறாக நினைக்கக் கூடாது என்ற வைராக்கியத்தில்தான் செய்தேன். அந்த வைராக்கியம்தான் என் கண்ணை மறைத்தது.

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. அவருடைய வண்டியிலேயே, வேறொருவர் ஓட்ட, பெட்டி போய் இறங்கியது. சந்து முனையில் நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். துக்கத்தில் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு வாசலில், பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த சந்தூக், அதாவது இறந்தவரைச் சுமக்கிற கட்டில், சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் குளிப்பாட்டுவதற்கு வெந்நீர் அண்டா. ஒரு கோரைப்பாயில் வெள்ளைத் துணியை அளந்து கிழித்து மடித்து வைத்திருந்தார்கள். அடக்கத்துக்கு எல்லாம் தயாராக இருந்தது. நான் அதையெல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டு, பெட்டிக்குப் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

தம்பி வந்து கையைப் பிடித்தார். “சார், இதெல்லாம் வேணாமே.”

“என்ன தம்பி வேணாம்? இது உங்க அண்ணன் தூக்குன பெட்டி. அவருக்கு இல்லாததா?” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். தம்பி என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போனார். திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பெண் குரல் மெதுவாக ஏதோ சொன்னது. வெளியே வந்து, “அண்ணி சரின்னுட்டாங்க சார்” என்றார். கூச்சப்பட்டவர்களைச் சம்மதிக்க வைத்துவிட்டோம் என்று எனக்குத் திருப்தி.

முன்னறையில் பெட்டியை வைத்து, அவரை அதில் படுக்க வைத்தோம். மோட்டார் ஓட ஆரம்பித்தது. சங்கத்தில் பிறகு சேர்ந்த எங்கள் ஆட்களில் பல பேருக்கு எஸ்டேட்டில் ஷிப்ட் மூன்று மணிக்குத்தான் முடியும் என்றும், மூன்றரைக்கு எடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் வாயைத் திறந்தார். தம்பி அவர் கையை அழுத்தினார். அவர் நிறுத்திக்கொண்டார்.

பள்ளிவாசலில் லுஹருக்கு அழைக்கிற பாங்கு கேட்டது. ஆண்கள் எழுந்து போய்த் தொழுதுவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்கு மேல் எங்கள் ஆட்கள் யூனிபார்மோடு வந்தார்கள். பிரமுகர் வரவில்லை. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் மாட்டிக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது. அஸருக்கும் பாங்கு கேட்டது. “வந்துட்டே இருக்காரு, அஞ்சு நிமிஷம்” என்று நான் தம்பியிடம் நாலு தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் தலையை ஆட்டினார்.

ஐந்து மணிக்குப் பிரமுகர் வந்தார். வளையம் வைத்துவிட்டுப் பேசினார். நானும் பேசினேன். மதம் பார்க்காத மனிதர், எல்லாரையும் சமமாக நடத்தியவர் என்று ஏற்ற இறக்கத்தோடு பேசினேன். ஒரு நிமிட மௌனம். அந்த ஒரு நிமிஷமும் அந்த வீட்டில் பெட்டியின் மோட்டார் சத்தம் மட்டும்தான் கேட்டது.

எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவசர அவசரமாகக் குளிப்பாட்டினார்கள். அண்டாவில் இருந்த தண்ணீர் ஆறிப்போய், மறுபடி கொதிக்க வைத்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு வருகிற மஃரிப் தொழுகை முடிந்துதான் கபர்ஸ்தானுக்குத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. நானும் போனேன். காலையிலேயே வெட்டி வைத்த குழி. முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இரண்டு பேர் பெயிண்ட் வாளியால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நின்று அண்ணனைக் கையில் வாங்கினார். யாரோ செல்போன் விளக்கைப் பிடித்தார்கள். பலகை வைத்து மூடி, மண்ணைத் தள்ளினார்கள். மண் அல்ல, குழம்பு.

“காலைல வெட்டும்போது மாவு மாதிரி காஞ்சி இருந்திச்சி” என்று குழி வெட்டியவர் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

அங்கேதான் எனக்கு டீக்கடை ஞாபகம் வந்தது. அன்று முழுக்க வராத ஞாபகம் அந்தக் குழியின் கரையில் வந்தது. அவர் என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டார். நான் காலையிலிருந்து ராத்திரி வரை அதைத்தான் மீறிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், எல்லாம் நல்லபடியாக நடந்தது என்றேன். மறுநாள் எனக்குள்ளேயே வாதாடினேன். அவர்களும் சரி என்றுதானே சொன்னார்கள், மழை என் குற்றமா, மெட்ரோ வேலை என் குற்றமா. நாலு நாளில் அந்த வாதமும் ஓய்ந்தது. சங்கத்தில் யார் இறந்தாலும் படம் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சந்தன மாலையோடு வீட்டில் கொடுப்பது எங்கள் வழக்கம். பாயின் படத்துக்கும் சொல்லி வைத்திருந்தேன். நர்ஸ் அம்மாவிடம் சொன்னேன். அவர் மறுபடியும் அதையேதான் கேட்டார். “கேட்டீங்களா?” இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. ஸ்டூடியோவுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். தம்பி வாசலிலேயே நின்றார். “அண்ணி இத்தாவுல கீறாங்க சார். புருஷன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாளு. வெளி ஆம்பளைங்களப் பாக்க மாட்டாங்க.” நான் வெளி ஆளா என்று முதலில் சுருக்கென்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். வெளி ஆள்தான். உள்ளே இருந்திருந்தால் அன்று கேட்டிருப்பேன்.

அந்த நாலு மாதமும் சங்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாயின் அதே வண்டி, வேறு டிரைவர். போனதும் பெட்டி இறங்கிவிடும், மாலை விழுந்துவிடும், நேரம் மிச்சம். நான் விரும்பிய வேகம். ஆவடியில் ஒரு வீட்டில் மாலை போட்டு, கற்பூரம் ஏற்றி, எல்லாம் முடிந்த பிறகு இறந்தவரின் மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “அப்பா வாழ்நாள்ல சாமி கும்பிட்டதில்ல சார். தனக்குக் கற்பூரம் காட்டக் கூடாதுன்னு சொல்லிட்டேதான் இருந்தாரு” என்று அழுதாள். கற்பூரத்தை நானே ஊதி அணைத்தேன். டேஷ்போர்டில் பிஸ்கட் டின் அப்படியே இருந்தது. பாய் போன பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை.

காலண்டரில் நாளை எண்ணி, ஒரு நாள் கூடவே விட்டு, தம்பியிடம் வரலாமா என்று கேட்டுக்கொண்டு போனேன். கையில் எதுவும் எடுத்துப் போகவில்லை. பாயின் மனைவி எனக்கு ஒரு நாற்காலியைப் போடச் சொல்லிவிட்டு உள்வாசற்படியருகில் உட்கார்ந்தார். தம்பியும் இருந்தார். டீ வந்தது. பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய், எனக்கு அழுகைதான் வந்தது.

“அழாதீங்க சார். அவரு இருந்தா கிண்டல் பண்ணுவாரு” என்றார்.

“அன்னிக்கு ஏம்மா சரின்னு சொன்னீங்க? வேணாம்னு சொல்லியிருக்கலாமே” என்றேன். கேட்டபிறகுதான், பழியை அவர் பக்கம் தள்ளுகிற மாதிரி இருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. “நீங்க கேக்கலியே சார். கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். கேக்காம, ஆசையா எடுத்தாந்து வெச்சிட்டு அழுதுகினு நிக்கறவங்க கிட்ட எப்டி வேணாம்னு சொல்றது?”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவரே மறுபடி பேசினார். “ஒரு நாளு நானும் அவரை ஏசினேன். போற ஊட்ல எல்லாம் இன்னாத்துக்கு ஒக்காந்து கேட்டுகினு கீறீங்க, வேலைய முடிச்சிட்டு வர வேண்டியதுதானேன்னு. கேட்டாதான் அது அவங்க ஊடு, கேக்கலன்னா நம்ம ஊடா ஆயிடும்னாரு.” திரைச்சீலையைத் திரும்பிப் பார்த்தார். “அன்னிக்குக் காலைலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் இது எங்க ஊடா இல்ல சார்.”

நான் பெட்டி வைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே இப்போது ஒரு தையல் மிஷின் இருந்தது. ஐம்பது நாற்காலி போட்டு, வளையம் வைத்து, அந்த மனுஷியை அவருடைய வீட்டிலேயே திரைக்குப் பின்னால் விருந்தாளியாக உட்கார வைத்திருக்கிறேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அதை யாரும் எனக்குச் செய்யவில்லை, நானே செய்துகொண்டது.

“இப்ப நான் என்னம்மா செய்யணும்?” என்று கேட்டேன். பத்து வருஷத்துக்கு மேல் சாவு வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை நான் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் யோசித்தார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெளியே சந்தில் ஒரு ஆட்டோ உள்ளே வர முடியாமல் ஹாரன் அடித்துவிட்டுப் பின்னால் போனது.

“கபர்ல மண்ணு எறங்கிடுச்சாம்” என்றார். “ஈர மண்ணா போட்டு மூடினதால பள்ளமா ஆயிடுச்சின்னு தம்பி சொல்லிச்சி. பொம்பளைங்க நாங்க அங்க போறதில்ல. நல்ல மண்ணா நாலு கூடை போட்டாப் போதும். தம்பிக்குத் தனியா போவ மனசு வரலியாம். நீங்க கூடப் போறீங்களா?”

“போறேம்மா” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கபர்ஸ்தானுக்குப் போனேன். தம்பி எனக்கு முன்னால் வந்து, இரண்டு மூட்டை மண்ணை இறக்கிவைத்து, கூடையில் நிரப்பிக்கொண்டிருந்தார். மேடாக இருக்க வேண்டிய இடம் ஒரு சாண் உள்வாங்கி, அதில் புல் முளைத்திருந்தது. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு, என் வழக்கப்படி விறுவிறுவென்று பள்ளத்தருகே போய்விட்டேன். சாய்க்கப் போனவன் நின்றேன்.

“தம்பி, எந்தப் பக்கம் நின்னு போடணும்? செருப்போட வரலாமா?”

தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அண்ணன் இறந்த அன்று சேற்றில் நின்றபோதுகூட அழாதவர், இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கால்மாட்டுல நில்லுங்க சார். செருப்பு வெளியே உட்டுட்டு வாங்க.”

கூடையைக் கீழே வைத்துவிட்டு, போய் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தேன். அவர் காட்டிய இடத்தில் நின்று முதல் கூடையைச் சாய்த்தேன். நல்ல காய்ந்த மண்.